கத்தி பழகிய கை

“பிளேடு மாட்டுற ஆளு வேணாம்னு சொன்னேனே ஞானவேல்?”

“இவரு பிளேடையே தொட்டதில்லைங்க சார். கத்திதான்.” விடுதி மேலாளர் ஞானவேல், கூட வந்திருந்த ஆண்டிச்சாமியை அறைக்குள் விட்டார். “ஏரிக்கரையிலதான் இவருக்குச் சோலி. வெரசா கூட்டியாந்துட்டேன்.”

சிவராமனுக்கு உயிர் வந்தது. பத்தரை மணிக்கு நிச்சயதார்த்தம். முப்பத்தாறு வயதில், ஒன்பது பெண் வீட்டார் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று போய் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்க, செண்பகனூர் தமிழ்மதி ஒருத்திதான் சரி என்றிருந்தாள். அதுவும் தாடி போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பெண்ணின் அண்ணன் புது டிஜிட்டல் கேமராவோடு காத்திருக்கிறான். கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அது ஆல்பத்தில் ஆயுளுக்கும் நிற்கும்.

ஆகவேதான் அந்தச் சவரக்கத்தி. கம்பெனி செலவில் மூன்று மாதம் ஜெர்மனி போன சிவராமன் உருப்படியாகக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். ஞானவேலிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: தீட்டத் தெரிய வேண்டும், கை நடுங்கக் கூடாது, தொணதொணவென்று பேசக் கூடாது. வேறு எந்தத் தகுதியையும் அவர் கேட்கவில்லை.

ஆண்டிச்சாமி கத்தியை வாங்கித் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தார். கட்டைவிரலில் பதம் பார்த்தார்.

“நல்ல இரும்புங்க.”

“இரும்பா! எஃகு அண்ணே, எஃகு.” முகமெல்லாம் பூசியிருந்த நுரைக்குள்ளிருந்து சிவராமனின் பாடம் தொடங்கியது. “பிளேடு என்ன பண்ணும்? போன எடத்துக்கே மூணு தடவ போயி தோலைச் சொரண்டும். இது ஒரே இழுப்பு. நாம அழுத்தவே வேணாம், கத்தியோட கனமே முடியை வழிச்சிடும். எரிச்சல் கெடையாது, கட்டி கெடையாது.”

“சரிங்க.”

ஆண்டிச்சாமி நாற்காலிக்குப் பின்பக்கம் போகவே இல்லை. பக்கவாட்டில் நின்று, சிவராமனின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவிவிட்டார். நாக்கால் மெல்ல ‘ச்சு ச்சு’ என்றார்.

“கவனிச்சீங்களா ஞானவேல்? மெட்ராஸ்ல பின்னாடி நின்னு மண்டையை அமுக்குவான். இவரு பக்கவாட்டுல நிக்கிறாரு. நரம்பைத் தளர்த்திட்டுத்தான் கத்தியே வைக்கிறாரு. இதெல்லாம் வித்தை. எவனுக்குத் தெரியும்?”

“எனக்கும் தெரியாதுங்க சார்” என்றார் ஞானவேல், உண்மையாகவே.

வலது கன்னம் முடிந்தது. வெண்ணெய்! சிவராமன் தடவிப் பார்த்தார். தமிழ்மதி தடவிப் பார்க்கும் வரைக்கும் மனம் போய்த் திரும்பியது. இடது கன்னமும் அப்படியே. மிச்சம் கழுத்து மட்டும்தான்.

“எத்தனை வருஷ அனுபவம் அண்ணே?”

ஆண்டிச்சாமி முகவாயைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினார். கத்தி தொண்டைக்குழிக்கு வந்து, தோலில் சில்லென்று நின்றது.

“குதிரைக்கு இருவது வருசமா வழிக்கிறேனுங்க. மனுசருக்கு நீங்கதான் மொதல்... அசையாதீங்க.”