மெதுவா ராவுங்க, டாக்டர்!

“ஐயோ டாக்டர், மெதுவா! உயிர் போகுது!”

பெரியவருக்கு வாய் குழறியது. பல் ராவும் மெஷின் ‘கிர்ர்’ரென்று சுற்றச் சுற்ற, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தார்.

“நாளைக்குப் பேத்தி கல்யாணம். நாலு வாய் சாப்பிட வேணாமா? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க” என்று மனைவி அவர் கையை அழுத்திப் பிடித்தாள்.

“மரத்துப்போற ஊசியாவது போடச் சொல்லுடி!”

“அதெல்லாம் போட மாட்டார். சும்மா இருங்க.”

மெஷின் நின்றது. பெரியவருக்கு மூச்சு வந்தது.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். கையில் பெரியவரின் பல்செட்.

“ஈறுல உரசுன ஓரத்தைத் தேய்ச்சுட்டேன். மாட்டிப் பாருங்க.”

பின்னாலேயே வந்த நர்ஸுக்குத் தாங்கவில்லை. “பல்லை மட்டும்தானேம்மா உள்ள அனுப்புனீங்க? இவர் எதுக்கு வெளியில உக்காந்து கத்துறாரு?”

“சொந்தப் பல்லு இருந்தவரைக்கும் இந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டார்மா. இப்ப வாசல் பெஞ்சு வரைக்கும் வந்துட்டாரே, அதைச் சொல்லு!” என்றாள் மனைவி பெருமையாக.

பெரியவர் பல்செட்டை மாட்டிக்கொண்டு டாக்டரை முறைத்தார். இப்போது வார்த்தை தெளிவாக வந்தது.

“அடுத்த தடவை ஊசி போட்டுட்டு ராவுங்க. எனக்கு வேணாம், பல்லுக்குப் போடுங்க.”