வசந்தமா, இலையுதிர்காலமா

நாகலூர் காப்பித் தோட்டத்தில் ஜோஸ்லின் சிக்னலுக்காகப் போனை உயர்த்திப் பிடித்து நிற்கிறாள். திரையில் அண்ணன் ஷெர்வின். அவனுக்குப் பின்னால் பாய்மரம், சாம்பல் நிறக் கடல், ஒரு தீவின் முதுகு. திமிங்கலமும் கடல்நாயும் பார்க்க அந்த வெளிநாட்டுத் தீவுகளைச் சுற்றி வருகிறவர்களுக்கு அவன் அந்தப் படகில் சமைக்கிறான். உதவிக்கு ஓர் ஆள் வேண்டுமாம். "இன்னைக்கே சொல்லோணும் ஜோஸு. இலையுதிர்காலத்துக்கு வர்றியா, அடுத்த வசந்தத்துக்கா? நீ படிக்கிற நாவல்ல வருமே, அதேதான்." நாவல்களில் அவை வெவ்வேறு அத்தியாயங்களில் வரும். இங்கே போன வாரத்து மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாய்ப் பூத்து மணக்கிறது. அதே நேரத்தில் நிழல்மரம் பழுத்த இலைகளை அவள் தோளில் உதிர்க்கிறது. போகத்தான் ஆசை. எதைச் சொல்வதென்றுதான் குழம்புகிறது. "இங்க ரெண்டும் ஒண்ணாக் கெடக்குதுண்ணா." "அப்ப ரெண்டுக்கும் வந்து பாத்திரம் கழுவு." அவன் சிரிக்கிறான். பக்கத்தில் நிற்கும் அம்மா அற்புதம் எட்டிப் போனைப் பார்க்கிறாள். "ரெண்டுல நீ எதுல ஊட்டுக்கு வருவே, சாமி?" திரையில் சிரிப்பு அப்படியே நிற்கிறது. சிக்னல் போய்விட்டதா, அவன்தான் அசையாமல் இருக்கிறானா, ஜோஸ்லினுக்குத் தெரியவில்லை.