ஜைனபாவின் அண்ணன்

மைக்கைப் பிடித்திருந்த ஜைனபா பாதியில் ஆங்கிலத்தை நிறுத்தினாள்.

"இனிமே நம்ம மாண்டிங்கா மொழியிலயே சொல்றேன். வந்திருக்கிற அம்மாமாருக்கும் புரியணும்ல!"

அரங்கம் கைதட்டியது. முதல் வரிசையில் என் அம்மாவும் தட்டினாள். நானும் மேடையில் இருக்கிறேன் என்ற பெருமைக்காக, ஒரு வார்த்தை விளங்காமலே அதுவரை உட்கார்ந்திருந்தவள், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.



கோடை விடுமுறை முகாமின் கடைசி நாள். உலகப் பிரச்சினை, ராஜதந்திரம், விவாதம் என்று பக்காவ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்துப் பழக்கி, முடிவில் பெற்றோரை அழைத்துப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கும் ஒருத்தி வெளிநாட்டு நகரமான அக்ராவில் நடக்கும் இளைஞர் மாநாட்டுக்குப் போகலாம். இறுதியில் மிஞ்சியது நானும் ஜைனபாவும்.

தலைப்பு: பிள்ளைகளைக் கள்ளப்படகில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் பெற்றோரைத் தண்டிக்க வேண்டுமா? சீட்டுக் குலுக்கியதில் வேண்டும் என்ற பக்கம் அவளுக்கு, கூடாது என்ற பக்கம் எனக்கு.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்" என்று ஆரம்பித்தாள்.

அவளுக்கு அண்ணனே கிடையாது. வீட்டுக்கு மூத்தவளே அவள்தான். ஆற்றின் அந்தக் கோடியில் இருக்கும் பஸ்ஸே ஊரிலிருந்து அவள் வீட்டு ஆட்கள் யாரும் வரவில்லை, அதனால் கேட்க ஆள் இல்லை.

அண்ணன் லிபியாவில் ரப்பர் படகு ஏறினான் என்றாள். நடுக்கடலில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். கூடப் போனவன் "இந்தப் பக்கம் வாடா, இந்தப் பக்கம் வா" என்று தொண்டை கிழியக் கத்தினானாம். அண்ணனுக்கு இடது காது கேட்காது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அரங்கமே உச்சுக்கொட்டியது.

அது கரமோ. என் அண்ணன். சின்ன வயதுக் காய்ச்சலில் போன காது அது. பெயரை எடுத்துவிட்டாள், ஊரை மாற்றிவிட்டாள், காதை மட்டும் விடவில்லை. அதுதான் அழவைக்கும் என்று அவளுக்குத் தெரியும். கணக்குச் சொல்லாதீர்கள், ஒரு ஆளைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்துங்கள் என்று முகாமில் மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். யாரை நிறுத்துவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். அவள் என் வீட்டிலிருந்தே ஆளைத் தூக்கிவிட்டாள்.

படகில் கூடப் போனவன் பிழைத்து இத்தாலியிலிருந்து எனக்குத்தான் போன் செய்தான். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? போகவே மாட்டேன் என்று நின்றவனை, ஊரில் எல்லாப் பிள்ளையும் போகிறது உனக்கென்ன கேடு என்று விரட்டி அனுப்பியதே அம்மாதான். கரை சேர்ந்துவிட்டான், அங்கே ஏதோ விடுதியில் அடைத்து வைத்திருக்கிறார்கள், போனைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இரண்டு மாதமாகப் புளுகிக்கொண்டிருந்தேன்.

பாரம் தாங்காமல் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். குழாயடியில் துணி அலசும்போது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள்.

"உசுரே போனாலும் இது என் வாயத் தாண்டாது ஸிரா" என்றாள். பாவி.

விதிப்படி நான் எழுந்து குறுக்கே கேள்வி கேட்கலாம். உனக்கு ஏதுடி அண்ணன்? அந்த ஒன்று போதும், அவள் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால், அப்படியானால் அது யாருடைய அண்ணன் என்று அடுத்து யாராவது கேட்பார்கள். முதல் வரிசையில் அம்மா இருக்கிறாள்.

நான் எழமாட்டேன் என்பது ஜைனபாவுக்குத் தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கதையைத் திருடியதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தப் பார்வையை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

"அவனக் கடல் கொல்லல. போ போன்னு வெரட்டுன எங்கம்மாதான் கொன்னா!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். மற்ற அம்மாக்களைப் போலவே அவளும் தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காது கேட்காத பிள்ளைகள் ஊரில் எத்தனையோ பேர். யார் பிள்ளைக்காகவோ அழுகிறாள், அப்பாடா என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

என் முறை வந்தபோது என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கோப்பை ஜைனபாவுக்குப் போனது.

கூட்டம் கலையும்போது அம்மா என்னிடம் வரவில்லை. நேராக ஜைனபாவிடம் போனாள். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஜைனபா கோப்பையோடு விறைத்துப்போய் நின்றாள்.

"அழாத மகளே. உங்க வீட்ல அண்ணனுக்கு நாப்பதாம் நாள் குர்ஆன் ஓதியாச்சா?"

ஜைனபா கண்ணால் என்னைத் தேடினாள்.

அம்மா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வீட்ல எப்ப ஓதுறது?" என்று கேட்டாள்.