அறையை அளந்த ஒயர்

பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தது. தலை மட்டும் வெளியே.

புசெலெட்சோவுக்குப் புரியவில்லை. ஜூலை மாதம், இங்கே நடுக்குளிர்காலம். முற்றத்துக் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கிறது. இந்தக் குளிரில் இது ஏன் தண்ணீருக்குள் போகிறது?

அது அவள் கணவன் டெபெல்லோவின் பாம்பு. அவன் இல்லாத வீட்டில் அது சாகக் கூடாது.

கண்ணாடித் தொட்டியின் அடியில் சூடேற்றும் விரிப்பு இருந்தது. சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்பது டிகிரி காட்டியது. முப்பத்திரண்டு காட்ட வேண்டும்.

திருகிக் கூட்டினாள். தொட்டியைச் சுற்றித் தன் கம்பளியைப் போர்த்தினாள். எண் அசையவில்லை.

உள்ளே கைவிட்டாள். தரை சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

எண் இன்னும் ஒன்பது.

டெபெல்லோவுக்குப் போன் செய்து, பாம்பு தண்ணீருக்குள் கிடப்பதைச் சொன்னாள்.

"குளிர்ல குளிக்கிறதுக்கு அது என்ன உன் தம்பியா?" என்று சிரித்தான். தரை சுடுகிறது என்றதும் சிரிப்பு நின்றது. "மொதல்ல பிளக்கப் புடுங்கு."

பிடுங்கினாள்.

"காலைல கரண்ட் போனப்ப என்ன பண்ண?"

"எல்லாரும் பண்றதுதான். திரும்பி வர்றப்போ எதுவும் எரிஞ்சு போகக் கூடாதுன்னு ஒயரையெல்லாம் உருவிட்டேன். வந்ததும் மாட்டிட்டேன்."

"எல்லா ஒயரையுமா?"

தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று சுவரோரம் தொங்கியது. நுனியில் பருப்பளவு சென்சார். தொட்டிக்குள் இருக்க வேண்டியது. அதையும் சேர்த்து உருவியிருக்கிறாள்.

அது இவ்வளவு நேரமும் அறையின் குளிரை அளந்துகொண்டிருந்தது. விரிப்பு நிற்காமல் சூடேறிக்கொண்டிருந்தது.

"செத்துடுமா?"

"கம்பளிய எடு. மூடியத் தெற. வயித்துல கொப்புளம் இருக்கான்னு பாரு."

அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. இரண்டு கைகளாலும் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வயிறு வெள்ளையாக, காயம் எதுவுமில்லாமல் இருந்தது.

தரை ஆறும்வரை அவன் போனை வைக்கவில்லை. சென்சாரை விரிப்புக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டச் சொன்னான். ஒட்டினாள். முப்பத்திரண்டுக்குத் திருகினாள். பிளக்கை மாட்டினாள். எண் மெல்ல ஏறி, முப்பத்திரண்டில் நின்றது.

போனில், அவன் பக்கத்தில், ஒரு பெண் குரல் யாரென்று கேட்டது.

"பாம்பு விஷயம்," என்று அவளுக்குச் சொன்னான். பிறகு இவளிடம், "சரியாயிடுச்சா, புசெலெட்சோ?"

கல்யாணமானபோது அவன் வீட்டார் அவளுக்கு வைத்த பெயர் மாகோபானோ. ஈஸ்டருக்கு வீட்டை விட்டுப் போகும்வரை அவனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

பாம்பு மரப்பட்டைக்குள் நுழைந்து, நாக்கை நீட்டி இழுத்தது.

"இல்ல," என்றாள். "அசையவே மாட்டேங்குது. நீ வந்து பாத்தாதான் தெரியும்."