வாசலோரக் கட்டில்

கட்டிலின் இரும்புக் காலை அவள் விடவில்லை.

"மாத்தாதீங்க சிஸ்டர். இவரு இங்கயே கெடக்கட்டும்."

புருஷன் மூச்சுக்கு நடுவே சிரித்தான். "கட்டிலயாச்சும் விடு புள்ள. அது கவருமெண்டுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். மற்றக் கட்டில்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். வாசலோரக் கட்டிலில் படுத்தவர்களைத் துணி மூடித்தான் கொண்டுபோனார்கள்.

ஒரு ஆள் தப்பவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மகனுக்கு விசிறிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் நேற்றே காதோடு சொல்லியிருந்தாள். "அது காவு வாங்குற கட்டிலு தாயி. யாரு சொன்னாலும் சம்மதிச்சிராத."

இப்போது இவனை அதற்கு மாற்றச் சொல்கிறார்கள்.

நர்ஸ் முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து இவள் தோளைத் தொட்டாள்.

"கட்டிலு யாரையும் கொல்லாதும்மா. ரொம்ப முடியாதவங்களத்தான் அதுல போடுவோம். என் மேசைக்குப் பக்கம், ஒண்ணுன்னா ஓடி வரலாம். முடியாதவங்களாப் படுத்தா சாவும் சாஸ்தியாத்தான் இருக்கும். அதுக்குக் கட்டிலு மேலயா பழி போடுவ?"

அவள் யோசித்தாள்.

சித்தாள் வேலையில் தினமும் செய்வதுதான். செங்கலைத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் கொத்தனார் கைக்கு. சத்தம் செத்திருந்தால் மூலைக்கு. மூலையில் கிடப்பது அத்தனையும் விரிசல் கல்தான்.

மூலையா கல்லை விரிய வைத்தது?

சரிதானே.

பிடி தளர்ந்தது. போயும் போயும் ஒரு கட்டிலுக்கா பயந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பிளாஸ்கை எடுத்தாள். தம்ளரைப் பைக்குள் போட்டாள். துண்டை உதறி மடித்தாள்.

தள்ளுவண்டி வந்தது. நர்ஸ் அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசப்பக்கம்னா நல்லாக் காத்து வரும்ல?" என்றான் அவன்.

செருப்பை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

காலையில் பெரிய டாக்டர் அவனை உட்காரவைத்து, முதுகில் விரல் வைத்துத் தட்டியிருந்தார். ஒரு இடம். கொஞ்சம் கீழே இன்னொரு இடம். மறுபடி அதே இடம்.

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அந்தச் சத்தம் இப்போதுதான் கேட்டது.