அடுத்த சிவப்பு வரி

ஆட்டையாம்பட்டித் தறிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம், தறிகள் நின்றிருக்கின்றன. சேலைக் கரையின் படத்தை தறிக்கு வழிகாட்டும் அட்டைத் துளைகளாக மாற்ற மோனிஷா எழுதிய பைத்தான் நிரல் காலையிலிருந்து ‘மாட்யூல் இல்லை’ என்றே, தனக்கு வேண்டிய துணை நிரலைக் காணாமல், சிவப்பில் சொல்கிறது. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில், மடிக்கணினி மேல் பஞ்சுத்தூசி மினுங்குகிறது. “அந்த மாட்யூலை நேத்தே இறக்குனியே?” என்கிறான் கணவன் கௌதமன், வெற்று அட்டையோடு. “மாட்யூலை இறக்கித் தர்ற பேக்கேஜ் மேனேஜரோட இன்னொரு பைத்தானும் வந்துருச்சுங்க. அதுல இறக்கிட்டு, பழையதுல ஓட்டறேன். இந்தத் தறியோட பாவு நூலைப் பக்கத்துத் தறியில ஏத்துன மாதிரி.” நிரலைப் புதிய பைத்தானுக்கு மாற்றி எண்டரைத் தட்டுகிறாள். மறுபடி சிவப்பு. அவன் முகம் வாடுகிறது, அவளோ சிரிக்கிறாள். “இது வேற மாட்யூலைக் கேக்குதுங்க. மொதல்ல கேட்டது கெடைச்சிருச்சு!” அட்டைக்கு இன்னும் நேரமாகும் என்று கௌதமன் அதைக் கீழே வைத்து, எண்ணெய்க் கேனை எடுத்துத் தறிக்குச் சொட்டு விடத் தொடங்குகிறான்.