எட்டு நாள் ரிப்பேர்

டச்சுக் கல்லறை மதிலோரம் நிற்கும் தன் பழைய அம்பாசிடரை எட்டு நாளாக வேதாசலமே ரிப்பேர் பார்க்கிறார். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, பாவம்.

அவர் மனைவி பவுனம்மாளுக்குப் புற்றுக்கட்டி. ஊசி போடவேண்டிய நாள் தாண்டிவிட்டது.

"நீ வண்டிய கட்டிக்கினியா, என்னைக் கட்டிக்கினியா? பஸ்லயாச்சும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயேன்யா!"

"பஸ் குலுக்கல் உனுக்கு ஆவாது புள்ள. இன்னிக்கு ஸ்டார்ட் ஆயிடும் பாரு."

அவர் சாமான் வாங்கப் பொன்னேரிக்குப் போனதும், படகு எஞ்சின் பார்க்கும் எல்லப்பனைக் கூப்பிட்டாள். அவன் பானெட்டைத் திறந்து பார்த்தான். சீட்டுக்கடியில் துழாவி எதையோ எடுத்து மாட்டினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது.

"இன்னாக்கா இது! ஒரு கோளாறும் இல்ல. யாரோ வேணும்னே எஞ்சினுக்குக் கரண்டு போற காயில் ஒயரைப் புடுங்கி ஒளிச்சு வெச்சிருக்காங்க."

சந்தோஷமாகப் புடவை மாற்றக் கிளம்பியவள் அப்படியே நின்றாள். போன தடவை டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். மறுநாள்தான் வண்டி கெட்டது.

மெல்ல உட்கார்ந்தாள்.

"எல்லப்பா, அந்த ஒயரை எடுத்த எடத்துலயே வெச்சுடு நைனா. இனிமே ஊசி வேலைக்காவாதுன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு."